பழைய வெல்டிங் ஜெனரேற்றர்: பழுது பார்ப்பதும் பாகம் தேடுவதும்

புலம்பெயர்ந்து வந்து இந்நாட்டில் காலூன்ற முயலும் எம்மவர் பலரிடம் கைத்தொழில் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும், கிளிநொச்சி, வவுனியா உழவு இயந்திரக் கராஜ்களிலும் பழகிய தொழில் அது. அவ்விடங்களில் பழகிய மூத்தவர்களின் கீழ் நின்று கற்றவர்களும் உளர். ஆனால் இங்கு வந்ததும் பண்டகசாலையிலோ துப்புரவுப் பணியிலோ முதல் வேலை கிடைக்கிறது. கற்ற தொழிலைச் சனி, ஞாயிறுகளிலாவது செய்து பார்ப்போம் என்ற எண்ணம் சில மாதங்களில் எழுவது இயல்பே.

மல்கிரேவ், ஸ்பிறிங்வேல், கிளேற்றன், டண்டினோங் ஆகிய அயற்பகுதிகள் எங்கும் சிறு தொழிற்கூடங்கள் நிறைந்துள்ளன. கேற், ரெயிலர், கைப்பிடிக் கம்பி, பண்ணை வேலி என்று இரும்பு ஒட்டும் வேலைக்கு எப்போதும் தேவை உண்டு. மின்சாரம் இல்லாத இடத்திற்கும் எடுத்துச்சென்று வேலை செய்ய உதவுவது, எஞ்சின் பூட்டிய வெல்டிங் ஜெனரேற்றர். புதிதாக வாங்கப் பெருந்தொகை வேண்டும். எனவே எம்மவர் கண் பழைய இயந்திரங்கள் மீது விழுகிறது. பண்ணை விற்பனைகளிலும் ஏல விற்பனைகளிலும் இவை மலிவாகக் கிடைக்கின்றன. மலிவாக வாங்கியது ஓடாமல் கராஜில் கிடந்தால், போட்ட பணம் மட்டுமன்றி, வீட்டில் உள்ளோரின் நம்பிக்கையும் சேர்ந்தே போகும். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம்.

இது எவ்வகை இயந்திரம்?

இரண்டு இயந்திரங்கள் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டுள்ளன என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். ஒரு பக்கம் பெற்றோல் அல்லது டீசல் எஞ்சின். மறுபக்கம் மின்பிறப்பாக்கி. அந்த மின்பிறப்பாக்கி பெரும்பாலும் இரு வேலைகள் செய்கிறது: ஒட்டுவதற்கான மின்னைத் தருகிறது, கிறைண்டர், துளைகருவி போன்றவற்றுக்குச் சாதாரண மின்னையும் தருகிறது.

இத்துறையில் பழைய பெயர் லிங்கன். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 1895 இல் தொடங்கிய இந்நிறுவனம், 1938 இல் அவுஸ்திரேலியாவிலும் கால் பதித்தது. விஸ்கொன்சின் மாநிலத்தில் 1929 இல் தொடங்கிய மில்லர் மற்றொரு பெயர். ஆனால் இவர்களின் பல இயந்திரங்களில் உள்ள எஞ்சின் இவர்கள் செய்ததல்ல. லிங்கனின் புகழ்பெற்ற எஸ்.ஏ.200 இல் கொன்ரினென்ரல் எஞ்சின் இருந்தது. எஸ்.ஏ.250 டீசல் இயந்திரத்தில் பேர்க்கின்ஸ் 3.152 எஞ்சின் பூட்டப்பட்டது. சிறிய இயந்திரங்களில் பிறிக்ஸ் அன்ட் ஸ்ராற்றன், ஓனான், கோலர் போன்றவை வரும்.

பேர்க்கின்ஸ் 3.152 என்றதும் எம்மவர் சிலருக்கு முகம் மலரும். மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டரை லீற்றர் கொள்ளளவு. வன்னி வயல்களில் ஓடிய மாசி பேர்கசன் 135 உழவு இயந்திரத்தின் எஞ்சின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பேர்க்கின்ஸ் நிறுவனத்தை மாசி பேர்கசன் 1959 இல் வாங்கியது. கிளிநொச்சியில் அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவருக்கு, மெல்பேர்ணில் வெல்டிங் இயந்திரத்தின் உள்ளே இருப்பது அந்நிய எஞ்சின் அன்று.

எமக்குத் தெரிந்த வித்தை

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைசெய்யப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டோம். இறைப்பு மிசினையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றியது நினைவிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் ஆவியாகும், மண்ணெண்ணெய் போதியளவு ஆவியாகாது என்பதே அதன் விளக்கம். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளின் ஊடாக வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும் என்பதையும் பட்டே அறிந்தோம்.

எஞ்சினுக்கு எரிபொருள், காற்று, அமுக்கம், உரிய நேரத்தில் பொறி ஆகியன வேண்டும் என்ற பாடத்தை எமக்கு எவரும் புத்தகத்தில் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கு இல்லாதது உதிரிப்பாகம். எனவே ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் பூட்டினோம். கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்தோம். இங்கு நிலைமை வேறு. பாகம் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. அதன் பெயரையும் இலக்கத்தையும் நாம் சொல்ல வேண்டும். உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துச்சென்று "இதுபோல ஒன்று தாருங்கள்" என்று கேட்கும் வழக்கம் இங்குள்ள கடைகளில் அதிகம் செல்லாது. விற்பனையாளர் கணினியில் இலக்கத்தைத் தட்டித்தான் தேடுவார்.

முதலில் தகட்டைப் படியுங்கள்

எனவே ஸ்பனரைத் தொடுமுன் தகட்டைத் தேடுங்கள். இரண்டு தகடுகள் இருக்க வேண்டும். ஒன்று முழு இயந்திரத்திற்குரியது. மற்றது எஞ்சினுக்கு மட்டும் உரியது.

லிங்கன் இயந்திரத்தில் "கோட் நம்பர்" என்று ஓர் இலக்கம் இருக்கும். மொடல் பெயர் ஒன்றாக இருப்பினும், கோட் இலக்கம் மாறினால் உள்ளே உள்ள பாகங்களும் மாறலாம். கைநூலும் பாகப்பட்டியலும் அந்த இலக்கத்தின்படியே ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. மில்லர் இயந்திரத்திற்குச் "சீரியல் நம்பர்" முக்கியம். இரு நிறுவனங்களினதும் பல பழைய கைநூல்களை அவர்களின் இணையத்தளங்களில் இலவசமாகப் பெறலாம். வீட்டில் கணினி இல்லாதோர் அருகிலுள்ள பொதுநூலகத்தில் பார்க்கலாம்.

பிறிக்ஸ் எஞ்சினில் மொடல், ரைப், கோட் என மூன்று இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கோட் இலக்கத்தின் முதல் ஆறு எண்கள் எஞ்சின் செய்யப்பட்ட நாளைக் குறிப்பன. 890315 என்று தொடங்கினால் 1989 ஆம் ஆண்டு மார்ச் 15 எனக் கொள்க. ஓனான் எஞ்சினில் "ஸ்பெக்" எழுத்தையும் தவறாது குறித்துக்கொள்ளுங்கள். பேர்க்கின்ஸ் எஞ்சினின் இலக்கம் எஞ்சின் கட்டையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

தகட்டின் மேல் பெயின்ற் பூசியிருந்தால் கம்பித் தூரிகையால் உரஞ்ச வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். துணியில் சிறிது ரேப்பன்ரைன் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பக்கவாட்டில் ரோர்ச் லைற் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பின் படம் எடுத்து, கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

வோல்ற்றளவையும் தகட்டிலேயே பார்க்க வேண்டும். இந்நாட்டில் வீட்டு மின்சாரம் முன்னர் 240 வோல்ற்று எனப்பட்டது; 2000 ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் 230 வோல்ற்று ஆக்கப்பட்டது. அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். இலங்கையிலும் இவ்வளவே. அமெரிக்காவிலிருந்து இறக்கிய இயந்திரமோ 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் தருவதாக இருக்கலாம். அதில் எமது கிறைண்டர் சரிவர ஓடாது. பழைய எஸ்.ஏ.200 இல் இன்னொரு பொறி உண்டு: அதன் துணை மின்வாயில் 115 வோல்ற்று நேரோட்ட மின் வரும். மின்குமிழும் காபன் பிறஷ் உள்ள சில கருவிகளும் அதில் ஓடும். மின்மாற்றி உள்ள பொருளைச் செருகினால் கருகிவிடும்.

பழுதைப் பிரித்தறிதல்

எந்தப் பக்கம் பழுது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழ்க்கண்டவாறு பிரித்துப் பாருங்கள்.

எஞ்சினே கிளம்பவில்லை என்றால் எஞ்சின் பக்கம் மட்டும் பாருங்கள். மின்பிறப்பாக்கியைக் கழற்ற வேண்டாம்.

எஞ்சின் நன்கு ஓடுகிறது, ஆனால் ஒட்டும் மின்னும் இல்லை, துணை மின்னும் இல்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான காந்தப்புலப் பகுதியில் பழுது இருக்கும்.

ஒன்று வருகிறது, மற்றது வரவில்லை என்றால், பொதுவான பகுதி நலமாக உள்ளது. வராத பக்கத்தின் சுவிச், பியூஸ், வயர், டயோட் என்பவற்றைப் பாருங்கள்.

இரண்டும் வருகின்றன, ஆனால் வலுவில்லை என்றால், முதலில் எஞ்சினின் வேகத்தைப் பாருங்கள்.

வேகத்தின் கணக்கு எளிது. காந்த முனைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 120 ஆல் வகுத்தால் அதிர்வெண் வரும். இருமுனை இயந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் ஓடினால் 50 ஹேர்ட்ஸ். நான்கு முனை இயந்திரத்திற்கு 1500 சுற்றுகள் போதும். பாரம் இல்லாதபோது சற்றுக் கூடுதலாக ஓடுவது முறையே. அதிர்வெண் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்றைத் துணை மின்வாயில் வைத்தால், எஞ்சினின் வேகம் தானே தெரிந்துவிடும். வேகம் குறைந்திருந்தால் கவர்னரையும், பாரம் இல்லாதபோது வேகத்தைக் குறைக்கும் ஐட்லர் அமைப்பையும் பாருங்கள். ஐட்லர் சுவிச்சை "ஹை" நிலையில் வைத்ததும் இயந்திரம் திருந்திவிட்டால், பழுது அந்தச் சிறிய அமைப்பில்தான்.

எஞ்சின் பக்கம்

நெடுநாள் கிடந்த பெற்றோல் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். அது காபுரேற்றரின் நுண்துளைகளில் பசையாகப் படியும். தாங்கியை வெறுமையாக்கி, குழாயையும் வடியையும் மாற்றி, காபுரேற்றரைக் கழற்றிக் கழுவுவதே முதல் வேலை. எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் பழைய றப்பர் குழாய்களையும் டயபிராம்களையும் கெடுக்கக்கூடும். எதனோல் கலவாததையே பாவியுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 2002 சனவரி 1 முதல் இந்நாட்டில் விலக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட எஞ்சின்களில் வால்வ் இருக்கைகள் தேயக்கூடும் என்பதால், வால்வ் இடைவெளியை இடையிடையே அளந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது பொறி. பொயின்ற் உள்ள பழைய எஞ்சின்களில் அதன் முகம் துருப்பிடித்திருந்தாலே பொறி வராது. பல பழைய பிறிக்ஸ் எஞ்சின்களுக்கு பொயின்ற் இடைவெளி சுமார் அரை மில்லிமீற்றர். கொண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள்; விலை அதிகமன்று. ஒயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சுவிச் சில இயந்திரங்களில் உண்டு. ஒயில் அளவைப் பாராமல் மக்னெற்றோவைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டீசல் எஞ்சின் சுழல்கிறது, கிளம்பவில்லை என்றால், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். காற்றை எடுக்கும் முறை உழவு இயந்திரத்திற்குச் செய்வதேதான். எரிபொருளை நிறுத்தும் மின்வால்வ் ஒன்றும் பல இயந்திரங்களில் உண்டு. சாவியைத் திருப்பும்போது அதில் "கிளிக்" என்ற ஒலி கேட்காவிட்டால், அதற்கு 12 வோல்ற்று வருகிறதா என்று அளவுங்கள்.

காற்றால் குளிரும் எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் அவசியம். பண்ணைக் கொட்டிலில் கிடந்த இயந்திரத்தில் எலி கூடு கட்டியிருக்கும். குளிரூட்டும் செதில்களை அக்கூடு அடைத்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். எலி கடித்த வயரும் அங்கேதான் இருக்கும்.

மின்பிறப்பாக்கிப் பக்கம்

மின் பிறப்பதற்குக் காந்தப்புலம் வேண்டும். அப்புலத்தைத் தொடக்கிவைப்பது இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தம். ஆண்டுக்கணக்கில் ஓடாது கிடந்தால் அது குறைந்துவிடும். எஞ்சின் நன்கு ஓடியும் மின் சிறிதும் வராமைக்கு இது ஒரு காரணம். பற்றறியிலிருந்து ஒருகணம் மின் பாய்ச்சி அக்காந்தத்தை மீட்கலாம். ஆனால் எந்த முனையில், எத்தனை வோல்ற்று, எஞ்சின் நின்ற நிலையிலா ஓடும் நிலையிலா, எந்தப் பிறஷை உயர்த்தி என்பதெல்லாம் இயந்திரத்திற்கு இயந்திரம் மாறும். நேர், எதிர் மாறினால் டயோட்கள் எரியும். அந்தந்தக் கோட் இலக்கத்திற்குரிய கைநூல் சொல்வதை மட்டும் செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

அதற்கு முன் காபன் பிறஷ்களைப் பாருங்கள். அவை கூட்டினுள் தடையின்றி அசைய வேண்டும். சுருள்வில் அழுத்த வேண்டும். நீளம் போதியதாக இருக்க வேண்டும். பிறஷ் தொடும் செம்பு வளையம் அல்லது கொமியூட்டேற்றர் கறுத்திருந்தால் நுண்ணிய மண்தாளால் துடைத்து, தூசியை ஊதி அகற்றுங்கள். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள்கள் மின்னைக் கடத்துவதால் செம்புத் துண்டுகளின் இடையே தங்கிப் பழுதுண்டாக்கும்.

ஒட்டும்போது மட்டும் வலுவில்லை என்றால் வயரையே முதலில் சந்தேகியுங்கள். ஏர்த் கிளாம்ப் துருவின் மேல் பிடித்திருக்கலாம். வயர் நுனியின் லக் தளர்ந்து சூடேறலாம். வெல்டிங் றொட் ஈரம் பிடித்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யச் செலவே இல்லை.

மல்கிரேவில் கண்டது

மல்கிரேவில் வாழும் அன்பர் ஒருவர் பேர்க்கின்ஸ் டீசல் பூட்டிய பழைய இயந்திரமொன்றைப் பண்ணை விற்பனையில் வாங்கினார். ஊரில் உழவு இயந்திரம் திருத்தியவர். "இது எங்கட மாசி பேர்கசன் எஞ்சினல்லோ" என்று சத்தத்தை வைத்தே சொன்னார். அவர் கணிப்பில் பிழையில்லை. எஞ்சின் தங்கமாக ஓடியது. ஆனால் றொட்டைத் தொட்டால் பொறி இல்லை. குழந்தையின் பள்ளிச் செலவுக்கென ஒதுக்கிய பணத்திலும் கொஞ்சம் அதில் போயிருந்தது. வீட்டுக்காரி எதுவும் கேட்கவில்லையாம். "கேட்டிருந்தாலும் பரவாயில்லை அண்ணை" என்றார் எம்மிடம்.

நாம் சென்று பார்த்தபோது மின்பிறப்பாக்கியின் மூடி கழற்றப்பட்டிருந்தது. புலத்திற்கு மின் கொடுக்கும் இரு பிறஷ்களில் ஒன்று தூசியும் துருவும் சேர்ந்து கூட்டினுள் இறுகிக் கிடந்தது. மற்றது தேய்ந்து கட்டையாகிவிட்டது. புதிய பிறஷ் வாங்க அவர் ஏற்கெனவே இரு கடைகள் ஏறி இறங்கியிருந்தார். தேய்ந்த பிறஷைக் காட்டியிருக்கிறார். இரு இடத்திலும் இலக்கம் கேட்டிருக்கிறார்கள். தகட்டின் மேல் தடித்த பெயின்ற். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள்தான் துணியும் ரேப்பன்ரைனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலத்தில் எட்டு எழுத்துக்களில் ஏழைப் படித்துச் சொன்னாள். நூலகத்தில் அச்சிட்ட பாகப்பட்டியலுடன் ஒப்பிட்டபோது எட்டாவதும் தெளிவாயிற்று. அடுத்த முறை கடைக்குத் தகப்பனும் மகளும் சேர்ந்தே போயினர். பாகத்தின் இலக்கத்தை அவர்தான் சொன்னாராம்; மகள் பக்கத்தில் நின்றாளாம். இரு வாரத்தில் பிறஷ் தபாலில் வந்தது. வளையத்தைத் துடைத்து, பிறஷைப் பூட்டி, கிளப்பியதும் ஆர்க் பிடித்துக்கொண்டது.

பாகம் தேடும் முறை

எஞ்சின் பாகமும் மின்பிறப்பாக்கிப் பாகமும் வெவ்வேறு கடைகளில் தேட வேண்டியவை. பிறிக்ஸ், கோலர் போன்ற எஞ்சின்களுக்குப் புல்வெட்டும் இயந்திரக் கடைகளில் கேளுங்கள். பேர்க்கின்ஸ் பாகங்களை உழவு இயந்திரப் பாகம் விற்போரிடம் பெறலாம். கொன்ரினென்ரல் எஞ்சின்கள் போர்க்லிப்ற் இயந்திரங்களிலும் ஓடியவை என்பதால், அப்பாகம் விற்போரையும் விசாரியுங்கள்.

எல்லாப் பாகத்திற்கும் நிறுவன இலக்கம் தேவையில்லை. பெயறிங்கின் ஓரத்தில் உள்ள எண்ணே போதும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். எந்தப் பெயறிங் கடையிலும் கிடைக்கும். ஒயில் சீலில் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். டயோட் பாலத்தை வோல்ற்று, அம்பியர் அளவுகளை வைத்து எலெக்றொனிக் கடையில் வாங்கலாம். பழையதை விட அளவு குறையக் கூடாது. பிறஷைத் தடிப்பு, அகலம், நீளம் அளந்து மோட்டோர் சுற்றும் பட்டறைகளில் கேட்கலாம்; காபனின் தரமும் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். எரிந்த சுருளைச் சுற்றித் தருவோரும் அவர்களே. ஆனால் கூலியை முன்னரே கேட்டு, இயந்திரத்தின் பெறுமதியுடன் ஒப்பிடுங்கள்.

கடையில் கேட்கும் சில சொற்களை விளங்கிக்கொள்வது நன்று. "சூப்பசீடட்" என்றால் பழைய இலக்கத்திற்குப் பதில் புதிய இலக்கம் வந்துள்ளது என்று பொருள். அப்புதிய இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "நோ லோங்கர் அவெயிலபிள்" என்றால் நிறுவனம் அப்பாகத்தைச் செய்வதை நிறுத்திவிட்டது. அப்போது "ஆஃப்ரர்மார்க்கெற்" பாகம் உண்டா என்று கேளுங்கள். வேறு நிறுவனம் செய்த பொருந்தும் பாகம் அது. விலைக்கு முன் பணம் கட்டும்படி கேட்டால், பொருந்தாவிடில் திருப்பலாமா என்று கேட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மின் பாகங்களைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை.

வாங்கும் முன்

குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். நாம் போகுமுன் சூடாக்கி வைத்திருந்தால் எஞ்சினின் குறை தெரியாது. 3.2 மில்லிமீற்றர் றொட் வைத்துப் பத்து நிமிடம் தொடர்ந்து ஒட்டிப் பாருங்கள். பின் 2000 வாற்று ஹீற்றர் ஒன்றைத் துணை மின்வாயில் செருகி வோல்ற்றை அளவுங்கள். அது ஏறக்குறைய 9 அம்பியர் பாரம். வோல்ற்று வெகுவாக இறங்கினால் விலையையும் இறக்கிக் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியையோ தொலைக்காட்சியையோ சோதனைக்குப் பாவிக்க வேண்டாம். இரு தகடுகளும் இல்லாத இயந்திரத்தை, மிக மலிவாக இருந்தாலன்றி விட்டுவிடுவதே புத்தி.

உயிரோடு விளையாட வேண்டாம்

கராஜினுள் எஞ்சினை ஓட்டாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர் காலத்தில் கதவை அரைவாசி மூடிவிட்டு வேலை செய்வது எம்மவரிடம் உள்ள வழக்கம். வீட்டினுள் உறங்கும் பிள்ளைகளையும் அப்புகை எட்டும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருமாயின் உடனே வெளியே வந்து, 000 இலக்கத்தை அழையுங்கள்.

ஜெனரேற்றரை வீட்டு மின்வாயில் செருகி வீட்டுக்கு மின் கொடுக்காதீர்கள். வீதியில் மின்கம்பியில் வேலை செய்பவரின் உயிர் போகும். வீட்டு வயரிங்குடன் இணைப்பது உரிமம் பெற்ற மின்தொழிலாளியின் வேலை. மற்றவர் செய்வது இங்கு சட்டவிரோதம்.

ஒட்டும் முனையில் பாரம் இல்லாதபோது 60 முதல் 80 வோல்ற்று வரை நிற்கும். மழை ஈரத்திலும் வியர்வையில் நனைந்த கையுறையிலும் அதுவே ஆளைக் கொல்லப் போதுமானது. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் என்பவற்றைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மூடியைக் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, பற்றறி வயரையும் பிளக் வயரையும் பிரியுங்கள்.

பழைய இயந்திரங்களின் புகைக்குழாய்க் காஸ்கெற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். இந்நாடு அதனை 2003 திசம்பர் 31 முதல் முற்றாகத் தடைசெய்தது. ஊரில் செய்வதுபோல் சுரண்டி, ஊதி, துப்புரவாக்க வேண்டாம். சந்தேகம் இருப்பின் தொடாது விட்டு, அறிந்தவரிடம் கேளுங்கள். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வகைப்படுத்தியுள்ளது. காற்றுப் போகும் திசையறிந்து நில்லுங்கள்; முகமூடியும் அணியுங்கள்.

விக்ரோறியாவில் முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வெளியில் வெல்டிங்கும் கிறைண்டிங்கும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது. ஒரு பொறி போதும், அயலில் உள்ள புல்வெளி முழுவதும் பற்றுவதற்கு. கோடைகாலத்தில் வேலைக்குப் புறப்படுமுன் வானொலியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்தும் ஒவ்வொரு இயந்திரத்திற்கும் ஒரு கொப்பி வையுங்கள். தகட்டின் இலக்கங்கள், மாற்றிய பாகம், அதன் இலக்கம், வாங்கிய கடை, கொடுத்த விலை, ஒயில் மாற்றிய நாள் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், பாக இலக்கத்தை மட்டும் தகட்டில் உள்ளவாறே எழுதுங்கள். ஒருவர் பட்ட அலைச்சல் அடுத்தவருக்கு மிச்சமாகும். மல்ரிமீற்றரும் பெயறிங் கழற்றும் புல்லரும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டுமென்பதில்லை. நான்கு குடும்பத்திற்கு ஒன்று இருந்தால், கேட்டு வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம். அந்த வழக்கம் ஊரிலும் எமக்கு இருந்ததுதானே.